காய்ச்சல் விட்டதென்று நினைத்த மத்தியானம்

போன மாசம் ஆஸ்பத்திரியில் இருந்து ரெண்டு நர்ஸுப் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்திருந்தாங்க. பிள்ளைகள் வார்டுக்குப் புதுசா என்னென்னமோ மிஷின் வந்திருக்காம். தலைமாட்டுல ஒரு பெட்டி, அது பாட்டுக்கு நாடியை எண்ணிக்கிட்டே இருக்குமாம். "இதெல்லாம் இல்லாத காலத்துல ரத்தத்துல விஷம் ஏறுன பிள்ளைகளை எப்படி சிஸ்டர் காப்பாத்துனீங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. "எல்லாத்தையும் எங்கடி காப்பாத்துனோம்"னு வெடுக்குன்னு சொல்லிப்புட்டேன். அவ முகம் வாடிப்போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. காப்பியைப் போட்டுக் கொடுத்து, உட்கார வச்சு அன்னைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுறேன். எழுதுறப்பவாவது நாக்கை அடக்குவோம்னு பார்த்தேன், முடியலை.

நான் கோச்சடைக்காரி. வெள்ளாமை வீடு. கல்யாணமாகி வருசம் திரும்புறதுக்குள்ள தாலி அறுத்துட்டு அப்பன் வீட்டுக்கு வந்தவ. எங்க சின்னய்யாதான், "நர்ஸு வேலை படிக்கட்டுமே, சும்மா மூலையில உட்கார்ந்து என்ன செய்யப் போறா"ன்னாரு. "கண்டவன் சீழைத் துடைக்கவா பெத்து வளர்த்தேன்"னு எங்க ஆத்தா ஒரு பாட்டம் அழுதா. படிச்ச வருசங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணும் பெருசா இல்லை. தரையைத் தேய்ச்சேன், துணியைக் கொதிக்க வச்சேன், மழுங்கின ஊசியைக் கல்லுல தீட்டினேன், நாள் தவறாம திட்டு வாங்கினேன். அப்புறம் பிள்ளைகள் வார்டுல கொண்டுபோய் விட்டாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கேயேதான்.

அந்த வார்டுக்கு ஒரு பெரிய டாக்டர் இருந்தாரு. ஒட்டடைக் கம்பு மாதிரி உசரம். வசதியான வீட்டுப் பிள்ளை, ஆனா அந்தத் தோரணை கிடையாது. பேச்சும் கிடையாது. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்துல ஒரு வார்த்தை பேசுவாரு, அதையும் தரையைப் பார்த்துப் பேசுவாரு. மத்த டாக்டர்மார் எல்லாம் வந்ததும் பிள்ளையோட நெத்தியில கையை வைப்பாங்க, நாக்கை நீட்டச் சொல்லுவாங்க. இவரு அப்படியில்லை. நேரா கால்மாட்டுக்குப் போவாரு. போர்வையைக் கீழ்ப்பக்கமாத் தூக்கி, தன்னோட புறங்கையைப் பிள்ளையோட உள்ளங்கால்ல வைப்பாரு. அப்புறம் கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுவாரு. வெளுத்த நகம் எம்புட்டு நேரத்துல சிவக்குதுன்னு பார்ப்பாரு. கையை அப்படியே மேல கொண்டுபோய், குளிர்ச்சி எங்க முடியுது, சூடு எங்க ஆரம்பிக்குதுன்னு தடவிப் பார்ப்பாரு. "பாதம்"னு சொன்னா எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரும். "முழங்கால்"னு சொன்னா ஓட ஆரம்பிச்சிருவோம். இம்புட்டும் முடிஞ்ச பிறகுதான் பிள்ளையோட முகத்தையே பார்ப்பாரு.

நாங்க அவருக்குப் 'பாதபூசை டாக்டர்'னு பேரு வச்சிருந்தோம். அது அவரு காதுக்கும் போயிருச்சு. ஒருநாள் என்கிட்ட, "ராஜம்மா, பூசைக்குப் பலன் கிடைச்சாச் சரிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. சிரிச்சாரா கோவிச்சாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வர்ற சனங்களுக்குத்தான் இது பெரிய சங்கடம். வயசுல மூத்தவரு, அதுலயும் டாக்டரு, சின்னப் பிள்ளையோட காலைத் தொடுறதாவது. கூலி வேலை பார்க்கிற குடும்பமா இருந்தா இன்னும் மோசம், பதறிப்போயி சேலையை இழுத்துப் பிள்ளையோட காலை மூடிருவாங்க. "தொடாதீக சாமி, பிள்ளைக்குப் பாவம் வந்து சேரும்"பாங்க. அவரு அவங்களோட வாதாட மாட்டாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு என்னைப் பார்ப்பாரு. வாயாடுற வேலை என்னோடது.

இப்போ செப்டிக் ஷாக்குன்னு சொல்றாங்க. நாங்க பிள்ளை 'கொலாப்ஸ்' ஆயிருச்சும்போம். எங்கேயோ ஒரு புண்ணு, ஒரு கட்டி, காதுல சீழ். அந்த விஷம் ரத்தத்துல கலந்ததும் உடம்பு கொதிக்கும், அப்புறம் திடுதிப்புன்னு கையும் காலும் சில்லிட்டுப் போகும். நாடி நூல் மாதிரி ஓடும். அந்த நேரத்துல ஓட்டத்துக்கு ரத்தமே பத்தாதுன்னு டாக்டர் சொல்லுவாரு. "தண்ணி முதல்ல. மருந்து கூடவே. கத்தி அதுக்கப்புறம்." அவரு பேசினதுலேயே நீளமான பேச்சு அதுதான்னு நினைக்கிறேன்.

தண்ணின்னா குடிக்கிற தண்ணியில்லை. உப்புத்தண்ணி. அதைக் கடையில விற்க மாட்டாங்க அப்போ. நாங்களே தண்ணியைக் காய்ச்சி வடிச்சு, உப்பை நிறுத்துப் போட்டு, வடிகட்டி, கண்ணாடிக் குடுவையில ஊத்தி மறுபடியும் கொதிக்க வைப்போம். ஒரு தூசி மிதந்தாலும் கீழே கொட்டிரணும். ரப்பர் குழாயை உள்ளே கழுவி, கழுவி, கடைசியாக் காய்ச்சி வடிச்ச தண்ணியிலேயே அலசணும். அது சரியில்லைன்னா ஏத்தின கொஞ்ச நேரத்துல பிள்ளைக்கு நடுக்கம் எடுத்துரும். சுருங்கிப் போன பிள்ளைக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்காது. கணுக்காலுக்கு உள்பக்கம் கொஞ்சமாக் கீறி, நரம்பைத் தேடி எடுத்து, பட்டு நூலைக் கோத்து, சின்னக் குழாயைச் செருகிக் கட்டுவாரு. குடுவையைக் கை பொறுக்கிற சூட்டுல வச்சுக்கிறது என் பொறுப்பு. கட்டிலோட கால்மாட்டுக்குச் செங்கல்லு வச்சு உசத்துவோம். தண்ணி ஏற ஏற அவரு பிள்ளையோட முதுகுல ஸ்டெதாஸ்கோப்பை வச்சு, நெஞ்சுக்குள்ள கரகரப்புக் கேக்குதான்னு பார்ப்பாரு. கேட்டா உடனே நிறுத்திருவாரு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுங்கிறது அங்க நிசமாவே நிசம்.

எது பிழைக்கும், எது பிழைக்காதுன்னு கேட்டா, நான் பார்த்த வரைக்கும் சொல்றேன். சீக்கிரம் வந்தது பிழைச்சுச்சு. அதுதான் முதல்லயும் கடைசியிலயும். மணல்வாரி அம்மை போட்டு எழுந்து, எலும்பும் தோலுமா இருக்கிற பிள்ளைக்குப் புண்ணுல விஷம் ஏறுனா நாங்க தலைகீழா நின்னாலும் கஷ்டந்தான். சமயநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தாங்க. தொடையில கட்டி. சாணியை வச்சுக் கட்டி, மந்திரிச்சு, ஊரு ஊராச் சுத்திட்டுக் கடைசியா எங்ககிட்ட வந்தாங்க. டாக்டர் கையைப் பாதத்துல வச்சாரு, முழங்கால், தொடை, அதுக்கு மேலயும் குளிர்ச்சி. நாங்க குழாயை எடுக்கிறதுக்குள்ள போயிருச்சு. அன்னைக்கு அந்த மனுசன் ரெண்டு தடவை கையைக் கழுவினாரு, தண்ணியைத் திருகி நிறுத்தாமலேயே போயிட்டாரு. நான் போயி நிறுத்துனேன்.

அதைச் சொன்னதும் நர்ஸுப் பிள்ளைக ரெண்டும் மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சிருச்சுக. இருங்கடி, பேச்சி கதையைக் கேளுங்கன்னேன்.

அது ரெண்டாவது உலகச் சண்டைக் காலம். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. சீழுக்குக் கொடுக்கிற சல்ஃபா மாத்திரை வந்து எங்களுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்திருந்துச்சு, ஆனா பட்டாளத்துக்குப் போக மிஞ்சினதுதான் எங்க கைக்கு வரும். பென்சிலினைப் பத்திக் காதாலதான் கேட்டிருந்தோம். அவனியாபுரத்துக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரு. அங்க பண்ணையில கூலி வேலை செய்யுற சோலையும் அவரு சம்சாரம் கருப்பாயியும் மகள் பேச்சியைத் தூக்கிட்டு வந்தாங்க. அஞ்சாறு வயசு இருக்கும். ஆடு பின்னாலேயே திரியுற பிள்ளை. கருவேல முள்ளு கெண்டைக்கால்ல ஏறி ஒடிஞ்சிருக்கு. வெத்திலையில எண்ணெய் தடவி வாட்டிக் கட்டியிருக்காங்க. கால் வீங்கி, நடுக்கத்தோட காய்ச்சல் அடிச்சதும், நல்ல வேளை, வேற எங்கேயும் போகாம எங்ககிட்ட வந்துட்டாங்க.

டாக்டர் வழக்கம்போலக் கால்மாட்டுக்குப் போனாரு. சோலை பதறிப்போயி, "சாமி, சாமி"ன்னு குறுக்க வந்துட்டாரு. "அவரு தொட்டாத்தான்யா வைத்தியம், நகரு"ன்னு நான் ஒரு அதட்டுப் போட்டேன். அன்னைக்குப் பாதம் சூடாத்தான் இருந்துச்சு. கெண்டைக்கால் கல்லு மாதிரி இருந்துச்சே ஒழிய சீழ் திரளலை. மாத்திரையைப் பொடிச்சு, சோடா உப்பு கலந்த தண்ணியில கொடுத்து, காலுக்கு வெந்நீர் ஒத்தடம் போட்டுப் படுக்க வச்சோம்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுட்டு வாரேன், கருப்பாயி சிரிச்ச முகமா உட்கார்ந்து பேச்சிக்குத் தலை சீவி விட்டுக்கிட்டு இருக்கா. மூட்டை கட்டியாச்சு. "காச்சல் விட்டுருச்சு நர்ஸம்மா. வேர்த்து வடிஞ்சு நெத்தி சில்லுன்னு ஆயிருச்சு. அனத்தாமத் தூங்குறா. நாங்க வீட்டுக்குப் போறோம்"னு சொன்னா. தெர்மாமீட்டர்லயும் சூடு இறங்கித்தான் இருந்துச்சு. சோலையும் கிளம்பித் தயாரா நின்னாரு. கருப்பாயிக்கு அண்ணன் வீரணன், வேற ஊர்க்காரரு, மாட்டு வண்டியோட வேப்பமரத்தடியில காத்திருந்தாரு.

அவசரத்துக்குக் காரணம் இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அவங்க ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டு. நம்ம பக்கத்து ஆளுகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, நர்ஸுப் பிள்ளைகளுக்குத் தெரியலை, அதனால சொல்றேன். காப்புக் கட்டிட்டா, எட்டு நாள் திருவிழா முடியுற வரைக்கும் ஊருக்குள்ள இருக்கிறவங்க எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுனா ஊருக்கே ஆகாதும்பாங்க. அந்தக் காப்புக்கு முதல் கொட்டு அடிக்கிறது சோலை. அவரு அப்பன் காலத்துல இருந்து அந்த வீட்டு ஆளுதான் அடிக்கணும். அவரு போகலைன்னா அம்மனுக்குக் காப்பே இல்லை.

நான் போர்வையைத் தூக்கிப் பேச்சியோட காலைத் தொட்டேன். பச்சத்தண்ணியில ஊறுன மாதிரி இருந்துச்சு. நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்தது வெளுத்தபடியே கிடந்துச்சு. கெண்டைக்காலைத் தாண்டிக் குளிர்ச்சி ஏறிக்கிட்டு இருந்துச்சு. பிள்ளை தூங்கலை, நினைவு தப்பிக்கிட்டு இருக்கு. டாக்டருக்கு ஆள் விட்டேன். ஓடி வந்தாரு. புறங்கையை வச்சாரு, அடிவயித்தைத் தடவிப் பார்த்தாரு. "மூத்திரம்?"னு கேட்டாரு. காலையில இருந்து போகலைன்னு கருப்பாயி சொன்னா. "ராஜம்மா, தண்ணி"ன்னாரு. அப்புறம் என்னையும் சோலையையும் பார்த்துட்டுக் கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு.

சோலைக்கு ஒண்ணும் புரியலை. "காச்சல்தான் விட்டுருச்சே தாயி. ஊருக்குப் போகலைன்னா குத்தமாயிரும். எட்டு நாளு கழிச்சுக் கூட்டியாரேன்"னு கும்பிடுறாரு. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கிறாங்களேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆனா அவரு மேல கோவிச்சு என்ன செய்ய? பொய்யா சொல்றாரு அவரு? பிள்ளையோட நெத்தி சில்லுன்னுதானே இருக்கு. ஊரு உலகத்துல எல்லாரும் அதைத்தானே காய்ச்சல் விட்டதுன்னு சொல்றோம்.

அவரு கையைப் பிடிச்சுப் பேச்சியோட வயித்துல வச்சேன். இன்னொரு கையை அவ பாதத்துல வச்சேன். "நல்லாப் பாரும். வயித்துல என்ன இருக்கு?"

"கொதிக்குது தாயி."

"காலுல?"

அவரு போர்வையை இழுத்து அந்தக் காலை மூடப் பார்த்தாரு.

"விட்ட காய்ச்சல் இப்படியாய்யா இருக்கும்? காய்ச்சல் எங்கேயும் போகலை, உள்ளே போயி உட்கார்ந்திருக்கு. வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனா பிள்ளையை உசுரோட எல்லைக்குள்ள கொண்டுபோக மாட்டீரு."

அப்படி வெட்டுன மாதிரி சொல்லியிருக்க வேண்டியதில்லைதான். ஆனா அந்த நேரத்துல மெதுவாச் சொல்ல எனக்குத் தெரியலை. கருப்பாயி எழுந்து வந்தா. அவளும் ஒரு கையை வயித்துல, ஒரு கையைக் காலுல வச்சுப் பார்த்தா. அப்படியே தரையில உட்கார்ந்து கட்டில் காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. "நீ போய்யா. நீ போயி கொட்டு அடி. நானும் பேச்சியும் காப்புக் கட்டுறப்பவே எல்லைக்கு வெளிய இருக்கோம், எங்களை அந்தக் கட்டு கட்டாது. யாரும் கேட்டா அதைச் சொல்லு. பிள்ளையைக் கொடுத்தவளே அம்மன்தானே, அவளுக்குத் தெரியாதா?"ன்னா.

அவ சொன்னதுல நியாயம் இருந்துச்சு. கட்டு வெளியே இருக்கிறவங்களுக்கு இல்லை, எங்க ஊர்லயும் அப்படித்தான். ஆனா சோலைக்கு? எல்லைக்குள்ள போனா எட்டு நாளைக்கு அவரு வெளியில வர முடியாது. பிள்ளை இருக்கா, போயிட்டாளான்னு தெரியாமலே கொட்டு அடிக்கணும். அந்த மனுசன் பேச்சியோட காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. டாக்டர்கிட்ட, "பொழைக்குமா சாமி?"ன்னு கேட்டாரு. டாக்டர் பொய் சொல்ல மாட்டாரு. "தண்ணி ஏறி, மூத்திரம் போயிட்டா பிள்ளை நமக்கு"ன்னாரு. சோலை தலையை ஆட்டிட்டு, மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு வண்டியில ஏறிப் போனாரு. திரும்பிப் பார்க்கலை.

நல்ல காலோட கணுக்கால்ல கீறி நரம்பைத் தேடினாரு டாக்டர். நூல் மாதிரி இருந்துச்சு. முதல் தடவை குழாய் வழுக்கிருச்சு. அவரு மூச்சை இழுத்து விட்டுட்டு இன்னொரு தடவை செருகினாரு, நின்னுச்சு. தண்ணி சொட்டுச் சொட்டா இறங்க ஆரம்பிச்சுச்சு. மாத்திரையைக் கரைச்சு மூக்குக் குழாய் வழியா விட்டோம். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வச்சோம். நாடி கொஞ்சம் கைக்குத் தட்டுப்பட்டதும், மயக்க மருந்து எதுவும் கொடுக்காம, முள்ளுக் குத்துன கெண்டைக்காலை ஆழமாக் கீறினாரு. பச்சையா, நாத்தத்தோட சீழ் பீய்ச்சி அடிச்சுச்சு. உள்ளே முள்ளோட முனை இன்னும் இருந்துச்சு. பேச்சி லேசா முனகினா. வலி தெரியுதேன்னு எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.

ராத்திரி எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. டாக்டர் வீட்டுக்குப் போகலை. வந்து வந்து காலைத் தொட்டுப் பார்ப்பாரு. "கெண்டைக்கால்"ம்பாரு. அப்புறம் "மூத்திரம்?"பாரு. இல்லைன்னு நான் தலையை ஆட்டுவேன். கருப்பாயி ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலை. இவளும் விழுந்துட்டா யாரு பார்ப்பான்னு நான்தான் மிரட்டிக் கஞ்சி கொடுத்தேன்.

விடிஞ்சு வெயில் ஜன்னல்ல ஏறியிருக்கும். நான் அடுத்த குடுவையைச் சூடு பண்ணிக்கிட்டு இருக்கேன். திரும்பிப் பார்த்தா, கருப்பாயி முந்தானையை வச்சுக் கட்டிலை அவசர அவசரமாத் துடைக்கிறா. என்னைக் கண்டதும் நடுங்கிப் போயிட்டா. "வையாதீக நர்ஸம்மா, வெள்ளைத் துணி எல்லாம் நனைஞ்சு போச்சு. நினைவில்லாத பிள்ளை, தெரியாம மோண்டுட்டா. நான் அலசிப் போட்டுருதேன்"ன்னு கெஞ்சுறா.

நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்துனேன். "துடைக்காதே தாயி, டாக்டர் பார்க்கட்டும்"னு சொன்னேன். சொல்றப்பவே எனக்கு அழுகை வந்துருச்சு. நான் அழுறதைப் பார்த்து பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவளும் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா. சத்தம் கேட்டு டாக்டர் வந்தாரு. நனைஞ்ச துணியைப் பார்த்தாரு, காலைத் தொட்டாரு, நகத்தை அழுத்தினாரு. இளஞ்சிவப்பா வந்துச்சு. அத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் அந்த மனுசன் வாய் விட்டுச் சிரிச்சுப் பார்த்தேன்.

அதுக்குப் பிறகு பேச்சி குணமாக நாளாச்சு, புண்ணு ஆற இன்னும் நாளாச்சு. அதுக்கப்புறம் பென்சிலின் வந்துச்சு, இன்னும் எத்தனையோ வந்துச்சு, சமயநல்லூர்ப் பையன் மாதிரிப் பிள்ளைகளைக்கூட எழுப்பி உட்கார வச்சோம். இப்போ இருக்கிற மிஷினுக்கு இன்னும் கூடப் பிழைக்கும். அது நல்லதுதான், நான் அதையெல்லாம் குறை சொல்ற ஆளில்லை.

பேச்சிக்கு மூத்திரம் போன அன்னைக்குக் காலையிலேயே வீரணன் சேதி கேக்க வண்டியோட வந்தாரு. அவரு வேற ஊருங்கிறதால அவருக்குக் கட்டு இல்லை. "போயி உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லும்"னு அனுப்பி வச்சோம். அங்க நடந்ததை அவரு பின்னாடி வந்து சொன்னதுதான். காப்புக் கட்டுன பிறகு உள்ளே போனா அவரும் கட்டுப்படணும்னு, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தியிருக்காரு. அங்க ஒரே கூட்டம், கொட்டுச் சத்தத்துல இவரு கூப்பிட்டது யார் காதுலயும் விழலை. சோலை யதேச்சையாத் திரும்பி வண்டியைப் பார்த்திருக்காரு. கை நின்னுபோச்சு. கொட்டு நின்னதும் ஊரே அடங்கிப்போச்சு. அந்த அமைதியில வீரணன் கையைக் குவிச்சு, "மாப்ள, பேச்சி மோண்டுட்டா"ன்னு கத்தியிருக்காரு.

கூட்டத்துக்கு ஒண்ணும் விளங்கலை. சோலை குச்சியைக் கீழே போட்டுட்டு மண்ணுல உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்காரு. அம்மன்தான் அவரு மேல இறங்கிட்டான்னு நினைச்சு, பூசாரி ஓடி வந்து விபூதியை அள்ளி அவரு தலையில போட்டிருக்காரு. சோலையும் இல்லைன்னு சொல்லலையாம்.